கவிதை எழுதத் தொடங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி: குறிப்பேட்டிலிருந்து முதல் தொகுப்பு வரை

பத்துப் பதினைந்து கவிதைகள் எழுதிப் பார்த்துவிட்டு, அவை ஏன் தமக்கே நிறைவளிக்கவில்லை என்று யோசிக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பயிற்சிப் பட்டறைகளில் இளம் கவிஞர்களின் வரைவுகளைத் தொடர்ந்து வாசித்துவருபவன் என்ற முறையில் நான் கண்டது ஒன்றுதான்: பெரும்பாலான கவிதைகள் கெடுவதற்குக் காரணம் திறமைக் குறைவைவிட வரிசை மாறிய வேலையே. கடைசியில் வரவேண்டிய உணர்ச்சி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. திருத்தவேண்டிய நேரத்தில் கவிதை முகநூலில் ஏறிவிடுகிறது. தனிக்கவிதைகளே நிலைபெறாதபோது தொகுப்புக்கு அட்டைப்படம் தேடப்படுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை அவை தரப்பட்டுள்ள வரிசையிலேயே பின்பற்றுங்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

கோடு போட்ட சிறிய குறிப்பேடு ஒன்று, சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் இருக்கும் அளவில் வேண்டும். அலைபேசியில் குறித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அலைபேசியை எடுத்தவுடன் வேறு பத்து விஷயங்கள் கண்ணில் பட்டு, குறிக்க வந்தது மறந்துபோகிறது.

இரண்டு அகராதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் போதும். ஒரு சொல்லின் பொருள் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதிவிட்டு அச்சில் வந்தபின் திகைப்பவர்கள் ஏராளம்.

ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழ் தட்டச்சு செய்யப் பழகுங்கள். இதை இப்போதே சொல்வதற்குக் காரணம், பின்னால் இதழுக்கு அனுப்பும்போது கவிதையின் வரிகள் சிதையாமல் போய்ச் சேருவது இதைப் பொறுத்தே இருக்கிறது.

எழுதுவதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். அரைமணி நேரமாக இருந்தாலும் போதும். ஆனால் அது நாள்தோறும் அதே அரைமணி நேரமாக இருக்கட்டும். தூண்டுதல் வரும்போது எழுதலாம் என்று இருப்பவருக்குத் தூண்டுதல் வரும் வேளையில் பெரும்பாலும் பேருந்தில் நிற்கவேண்டியிருக்கும். அந்த வேளைக்குக் குறிப்பேடு; எழுதும் வேலைக்கு இந்த அரைமணி.

2. ஒரே ஒரு கவிஞரை முழுமையாகப் படியுங்கள்

இளம் எழுத்தாளர்களிடம் யாரைப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் இருபது பெயர்கள் வருகின்றன. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று கவிதைகளைத்தான் படித்திருப்பார்கள், அதுவும் யாரோ பகிர்ந்த படத்தில். இப்படிப் படிப்பதால் ஒரு கவிஞரின் வெற்றிபெற்ற வரிகள் மட்டும் தெரியவரும். அந்த வரிகளை அவர் எப்படி அடைந்தார் என்பது தெரியாது.

ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய தொகுப்புகள் அனைத்தையும் வெளிவந்த கால வரிசையில் படியுங்கள். முதல் தொகுப்பில் தடுமாறிய இடங்களும், நடுவில் அவர் கைவிட்ட பழக்கங்களும், திரும்பத் திரும்ப வரும் பொருள்களும் அப்போதுதான் தெரியும். பிடித்த கவிதைகளைக் கையால் படியெடுங்கள். கண் தாண்டிச் செல்லும் ஒரு சொல்லைக் கை தாண்டிச் செல்லாது; ஏன் இந்த இடத்தில் வரி முறிகிறது என்ற கேள்வி எழுதும்போதுதான் எழும்.

ஒருவரையே படித்தால் அவர் சாயல் ஒட்டிக்கொள்ளுமே என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. ஒட்டட்டும். பாரதியார் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் மீது கொண்ட ஈடுபாட்டால் ‘ஷெல்லிதாசன்’ என்ற பெயரில் எழுதினார். கனகசுப்புரத்தினம் ‘பாரதிதாசன்’ ஆனார். அவர் மீது கொண்ட பற்றால் இராசகோபாலன் ‘சுப்புரத்தினதாசன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கிச் ‘சுரதா’ ஆனார். மூவரும் தம் தூண்டுதலைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டவர்கள். ஆனால் மூவரின் கவிதையையும் ஒன்றாகக் கலந்து வைத்தால் பிரித்தெடுப்பது கடினமே இல்லை. சாயல் நிலைத்துவிடுவது ஒருவரை ஆழமாகப் படிப்பதால் அன்று, அவரோடு நின்றுவிடுவதால். ஆகவே முதலாமவரை முடித்தபின், அவருக்கு நேர் எதிராக எழுதும் ஒருவரை அதே முறையில் படியுங்கள்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, கவிஞரின் சொற்களை எடுத்துக்கொள்வது. அவர் எதைப் பார்த்தார், எந்த வரிசையில் வைத்தார், எங்கே நிறுத்தினார் என்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொல் அவருடையது, பார்க்கும் பழக்கம் யாருக்கும் உரியது.

3. குறிப்பேட்டில் கண்டதை மட்டும் எழுதுங்கள்

குறிப்பேட்டைத் திறந்தால் ‘இன்று மனம் கனமாக இருந்தது’, ‘தனிமை கொல்கிறது’ போன்ற வரிகள்தாம் முதலில் எழுதத் தோன்றும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது, அந்தக் கனத்துக்கு எது காரணம் என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

கண்டது, கேட்டது, தொட்டது, முகர்ந்தது ஆகியவற்றை மட்டும் ஒரு நாளைக்கு மூன்று குறிப்புகளாக எழுதுங்கள். ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாக நிற்கும் பைகள். அவற்றில் ஒன்றின் மேல், பறந்துவிடாமல் இருக்க வைத்த கல். அந்தக் கல்லையும் பத்திரமாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிற மூதாட்டி. இவ்வளவுதான் ஒரு குறிப்பு. இதற்கு விளக்கம் எழுதவேண்டியதில்லை. விளக்கம் எழுதியவுடன் மனம் அந்தக் காட்சியை முடித்துவிட்டதாகக் கருதி மறந்துவிடும். விளக்கப்படாத காட்சிதான் உள்ளே கிடந்து உறுத்தும்.

பொருள்களுக்கு அந்த இடத்தில் வழங்கும் பெயரையே குறியுங்கள். தறிப்பட்டறை வீட்டில் வளர்ந்தவர் ‘நூல்’ என்று பொதுவாக எழுதினால் நமக்குப் பெரும் இழப்பு. பாவு, ஊடை, தார், நாடா என்று அவருக்கு மட்டும் நாக்கில் இருக்கும் சொற்கள் வேண்டும். கடற்கரை ஊரில் பிறந்தவர் ‘மீன்’ என்றும், வயலில் வளர்ந்தவர் ‘செடி’ என்றும் எழுதுவதை வாரந்தோறும் பார்க்கிறேன். கவிதைக்கு ‘பொதுத்தமிழ்’ வேண்டும் என்ற எண்ணம் பள்ளிக் கட்டுரையிலிருந்து வந்தது. அதை விட்டுவிடுங்கள்.

4. எழுதும் முன் ஒரு பழம்பாடலைப் பிரித்துப் பாருங்கள்

தொல்காப்பியம் அகப்பாடலில் பயின்று வருவனவற்றை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. உரிப்பொருள் என்பது மக்களின் உணர்வு: கூடுதல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். மூன்றும் ‘முறை சிறந்தனவே’ என்று அந்த நூற்பா சொல்கிறது. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறக்கும் என்பது உரையாசிரியர் காட்டும் பொருள்.

இதை இலக்கணத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள், எழுதும் முறையாக இதைப் பயன்படுத்தலாம் என்பதைக் கவனிப்பதில்லை. உணர்வே மிகவும் சிறந்தது என்பதால்தான் அதற்கு முன் இரண்டு படிகள் வேண்டியிருக்கின்றன. எங்கே, எப்போது என்று முதலில். அங்கே என்ன இருக்கிறது என்று அடுத்து. உணர்வு அவற்றின் மேல் ஏறி வரட்டும். தொடக்கநிலையில் எழுதுபவர்கள் தலைகீழாக, உரியில் தொடங்கி உரியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடிகள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் தன்னைக் கூடிய பொழுதில் வேறு சாட்சி யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் (நாரை போன்ற நீர்ப்பறவை) இருந்தது என்கிறாள். இதில் நான்கு இடங்களை மட்டும் கவனியுங்கள்.

முதலாவது, அச்சம், ஏக்கம், துயரம் ஆகிய சொற்களில் ஒன்றுகூடப் பாடலில் இல்லை. இரண்டாவது, குருகின் காலுக்கு வந்த உவமை தினைத்தாள், அதாவது தினைப்பயிரின் தண்டு. பேசுகிறவள் தினை விளையும் மலைநிலத்துப் பெண், அவள் அன்றாடம் காணும் பொருளே உவமையாக வருகிறது. மூன்றாவது, ஒரே சாட்சியான குருகும் அவளைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய நிராதரவு முழுவதும் ‘ஆரல் பார்க்கும்’ என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. அதைக் கபிலர் விளக்கவும் இல்லை. நான்காவது, மற்ற அடிகளில் நான்கு சீர்கள் இருக்க, ஈற்றயல் அடியில், அதாவது கடைசிக்கு முந்தைய அடியில், மட்டும் மூன்று சீர்கள். நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அது. ஆனால் வாய்விட்டுப் படித்தால், அந்தக் குறையும் சீரில் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு ‘குருகும் உண்டு’ என்று விழுவது காதில் கேட்கும்.

இதே போல் வேறு பத்துப் பாடல்களை நீங்களே பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கும் குறுந்தொகைப் பாடல்கள் இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்ற அளவில் இருக்கின்றன. மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் உரையைப் பார்க்காமல் மூலத்தை இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உரையில் தொடங்கினால் பாடல் செய்தியாக மாறிவிடும்.

5. முதல் வரைவை முதல், கரு, உரி என்ற வரிசையில் எழுதுங்கள்

குறிப்பேட்டிலிருந்து ஒரு குறிப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு உரைநடையில் விடை எழுதுங்கள். எந்த இடம், எந்த நேரம்? கண்ணில் படும் ஐந்து பொருள்கள் எவை? யார் யாரிடம் பேசுகிறார்? உணர்வைப் பற்றிய நான்காவது கேள்வியை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள்.

தறிப்பட்டறை வீட்டைப் பற்றி எழுத முனையும் ஒருவர், இந்தப் படி இல்லாமல் தொடங்கினால் பெரும்பாலும் இப்படி எழுதுவார் (இந்த வழிகாட்டிக்காக நானே எழுதிக் காட்டுவது):

வறுமை என்னும் இருளில்
வாடுகின்ற என் தாயே,
உன் கண்ணீர்த் துளிகளில்
என் கனவுகள் கரைகின்றன.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது யாருடைய தாயாகவும் இருக்கலாம் என்பதால் எவருடைய தாயும் ஆகவில்லை. மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதியபின் அதே கவிஞரின் கையில் வரக்கூடிய முதல் வரைவு இது:

மின்சாரம் போனது.
எப்போதும் இரையும் தறிப்பட்டறை
சட்டென்று மௌனத்தில் உறைந்தது.
தூளியில் உறங்கிய குழந்தை
விழித்துக்கொண்டு அழுகிறது.
தறியின் சத்தமே அதற்குத் தாலாட்டு.
கும்மிருட்டில் என் ஏழைத் தாய்
அறுந்த பாவு நூலின் நுனியை
விரலால் தேடுகிறாள்.
வறுமையும் ஒரு நூல்தான்,
அறுவதேயில்லை.

வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, வேண்டாததும் வந்துவிட்டது. வரைவு அப்படித்தான் இருக்கவேண்டும். எழுதும்போதே வெட்டத் தொடங்கினால் நல்ல பொருள்களும் பயந்து ஒளிந்துகொள்ளும். ஆகவே இந்தக் கட்டத்தில் எதையும் திருத்தாமல் தேதி போட்டு மூடிவையுங்கள்.

6. ஆறவிடுங்கள்

எழுதிய சூட்டில் நாம் படிப்பது தாளில் இருக்கும் கவிதையை அன்று, மனத்தில் இருக்கும் கவிதையை. விடுபட்டதை மனம் நிரப்பிக்கொள்வதால் குறை தெரியாது. குறைந்தது இரண்டு வாரம் அந்தத் தாளைப் பார்க்காதீர்கள். அதற்குள் அடுத்த வரைவுகளை எழுதுங்கள். நான்கைந்து வரைவுகள் எப்போதும் ஆறிக்கொண்டிருக்கும் நிலை வந்துவிட்டால், காத்திருப்பது சுமையாக இராது.

7. வாய்விட்டு வாசித்து வரி முறிப்பைத் தீர்மானியுங்கள்

புதுக்கவிதைக்கு யாப்பு இல்லை என்பதை வரி எங்கே முறிந்தாலும் சரி என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்கு ஒரு வரியாகக் கீழ்நோக்கி அடுக்குவதால் கவிதை ஆவதில்லை. வரி முறியும் இடத்தில் வாசகரின் மூச்சும் கண்ணும் ஒரு கணம் தங்கும். அப்படித் தங்கத் தகுந்த சொல் அங்கே இருக்கவேண்டும். வரி ‘ஒரு’, ‘என்று’, ‘போன்ற’ ஆகியவற்றில் முடிந்தால் பெரும்பாலும் முறிப்பு தவறு.

கவிதையை உரக்கப் படித்து, நாக்கு தடுக்கும் இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள். பிறகு வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில் அவர் நிறுத்தாவிட்டால், வரியமைப்பு உங்கள் குரலைத் தாளில் இறக்கவில்லை என்று பொருள்.

காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால், வெளியிடும் எண்ணமே இல்லாமல் கொஞ்சகாலம் குறள் வெண்பா எழுதிப் பழகுங்கள். முதலடி நான்கு சீர், அடுத்தது மூன்று சீர், தளை (சீருக்கும் சீருக்கும் இடையிலான ஓசை இணைப்பு) தட்டக்கூடாது. இந்த ஏழு சீர்களுக்குள் ஒரு பொருளை அடக்க முயலும்போது, எந்தச் சொல் அடைப்புக்காக வந்தது என்பது அப்பட்டமாகத் தெரியும். யாப்பைக் கற்றபின் அதைப் பயன்படுத்தலாம், விடலாம். கற்காமலேயே விட்டவரின் வரிகளில் ஒரு தளர்ச்சி இருப்பதைக் காது தெரிந்துகொள்கிறது. இது என் கருத்து. மறுப்பவர்களும் உண்டு, அவர்களில் நல்ல கவிஞர்களும் இருக்கிறார்கள்.

8. வெட்டுங்கள்: எங்கே, எந்த வரிசையில்

திருத்தத்தைச் சொல்லில் தொடங்காமல் பெரிய பகுதிகளில் தொடங்குங்கள். நீக்கப்படப்போகும் பத்தியில் சொல்லை மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. அத்தோடு, மெருகேற்றிய பின் அதை நீக்க மனம் வராது.

முதலில் கடைசி வரிகளைப் பாருங்கள். கவிதை முடிந்தபின் அதன் பொருளைச் சொல்லும் வரிகள் அங்கேதான் குடியிருக்கும். மேலே உள்ள வரைவில் ‘வறுமையும் ஒரு நூல்தான், அறுவதேயில்லை’ என்பதற்கு மேடையில் கைதட்டல் கிடைக்கும். அதனாலேயே அதை ஐயத்தோடு பாருங்கள். அந்த வரி வந்தவுடன் வாசகர் இருட்டில் தேடும் விரலை விட்டுவிட்டு, கவிஞரின் சாமர்த்தியத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அடுத்து, நடுவில் இருக்கும் விளக்கங்கள். சத்தம் நின்றதும் குழந்தை விழித்தது என்று சொல்லியாகிவிட்டது. சத்தம்தான் தாலாட்டு என்று வாசகர் தாமே கண்டுகொள்வார். அப்படிக் கண்டுகொள்ளும் இன்பத்தை அவரிடமிருந்து பறிக்கவேண்டாம்.

பிறகு அடைமொழிகள். ‘ஏழை’, ‘கும்’, ‘சட்டென்று’, ‘எப்போதும் இரையும்’ ஆகியவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையாவிட்டால் அவை வேண்டாதவை. ‘மௌனத்தில் உறைந்தது’ போன்ற தொடர்கள் தனி வகை. மௌனம், ரணம், சிறகு, நிலா, கண்ணீர், வலி, தேவதை ஆகியவை தடைசெய்யப்பட்ட சொற்கள் அல்ல. ஆனால் அவை தாமாகவே கைக்கு வந்து சேரும் சொற்கள் என்பதால், ஒவ்வொன்றையும் அங்கே வைக்கக் காரணம் கேளுங்கள்.

கடைசியாக வினைமுற்றுகளின் காலம். வரைவில் ‘போனது’, ‘உறைந்தது’, ‘அழுகிறது’, ‘தேடுகிறாள்’ என்று காலம் மாறி மாறி வருகிறது. மாறலாம், ஆனால் மாற்றத்துக்கு வேலை இருக்கவேண்டும்.

மின்சாரம் போனது.
பட்டறைச் சத்தம் நின்றதும்
தூளியில் குழந்தை விழித்துக்கொண்டது.
இருட்டில் அம்மா
அறுந்த பாவு நூலின் நுனியை
விரலால் தேடுகிறாள்.

மூன்று வினைகள் இறந்தகாலத்தில் முடிந்து, கடைசி வினை மட்டும் நிகழ்காலத்தில் நிற்பதால், அவள் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறாள். ‘என் தாய்’ என்பது ‘அம்மா’ ஆனதும் கவனிக்கத்தக்கது: பேசுகிறவர் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டார். இந்த ஆறு வரியும் முடிவானது என்று சொல்லமாட்டேன். ‘விரலால்’ தனி வரியாக இறுதிக்குப் போகலாமா என்பதை இன்னொரு முறை படித்துத்தான் சொல்லமுடியும்.

வெட்டியவற்றை எறிந்துவிடாதீர்கள். வேறு தாளில் சேர்த்துவையுங்கள். தாலாட்டு வரி இங்கே அதிகப்படி என்றாலும், வேறொரு கவிதைக்கு அதுவே தொடக்கமாகலாம்.

9. யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

திருத்திய கவிதையை முதலில் ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கவிஞராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நிறைய படிப்பவராகவும் உங்களைப் புண்படுத்த அஞ்சாதவராகவும் இருந்தால் போதும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற விடைதான் வரும். ‘எங்கே உங்கள் கவனம் விலகியது?’, ‘எந்த வரி நினைவிருக்கிறது?’, ‘யார் பேசுவதாகத் தோன்றியது?’ என்று கேளுங்கள். விடை வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். கவிதையோடு கூடவே போய் ஒவ்வொரு வாசகரிடமும் நீங்கள் விளக்கமுடியாது.

முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் உடனே பகிர்வதை இந்தக் கட்டம்வரை தள்ளிப்போடச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். விருப்பக்குறி எந்த வரிக்குக் கிடைத்தது என்பது தெரியாததால் அதிலிருந்து கற்க எதுவும் இல்லை. மேலும், முன்பே வெளியான படைப்புகளைப் பல இதழ்கள் ஏற்பதில்லை. சமூக ஊடகப் பதிவையும் வெளியீடாகவே அவை கருதுகின்றன.

10. இதழுக்கு அனுப்புதல்

அனுப்பும் முன் அந்த இதழின் அண்மை வெளியீடுகள் இரண்டையாவது படியுங்கள். மரபுக்கவிதை வெளியிடாத இதழுக்கு விருத்தம் அனுப்புவதும், நீள்கவிதை வெளியிடும் இதழுக்கு மூன்று வரிக் கவிதைகள் அனுப்புவதும் இரு தரப்புக்கும் நேர இழப்பு.

இதழ் வேறு அளவு குறிப்பிடாவிட்டால் மூன்று முதல் ஐந்து கவிதைகள் போதும். ஒவ்வொன்றையும் புதிய பக்கத்தில் தொடங்குங்கள். ஒருங்குறியில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்போடு பிடிஎஃப் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பக்கவடிவமைப்பில் இன்னும் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி மாற்றும்போது எழுத்தோ வரியோ சிதைந்தால், சரிபார்க்க அவர்களிடம் பிடிஎஃப் இருக்கும். மின்னஞ்சலின் உடலில் கவிதையை ஒட்டி அனுப்பினால் நீண்ட வரிகள் மடிந்து, நீங்கள் நினைக்காத இடத்தில் முறியும்.

அனுப்பும் முன் எழுத்துப் பிழைகளைத் தேடுங்கள். ‘ஔ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக இருப்பதும், துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வந்திருப்பதும் திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒற்று மிகும் இடங்களையும் பாருங்கள். ஆசிரியர் திருத்திக்கொள்வார் என்று விடுவது தவறு. கவிதையில் ஒற்றுப்பிழை ஓசையையும் கெடுக்கிறது.

உடன் எழுதும் கடிதம் நான்கு வரிகளைத் தாண்டவேண்டாம். பெயர், ஊர், கவிதைத் தலைப்புகள், வேறெங்கும் வெளிவராதவை என்ற உறுதி. கவிதை எந்தச் சூழலில் பிறந்தது என்ற வரலாறு அங்கே வேண்டாம். எதை, எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே கவிதை இரண்டு இதழ்களில் ஒரே மாதத்தில் வந்து, இரு ஆசிரியர்களிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கும். நிராகரிப்புக் கடிதம் வந்தால் பதில் வாதம் எழுதாதீர்கள். பெரும்பாலும் கடிதமே வராது. மூன்று மாதம் பொறுத்து ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு வேறிடத்துக்கு அனுப்பலாம்.

11. தொகுப்பைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரமும் கையெழுத்திடும் முன் பார்க்கவேண்டியவையும்

இதழ்களில் சில கவிதைகள் வந்து, அறிமுகமில்லாத வாசகர் சிலராவது படித்தபின் தொகுப்பைப் பற்றி யோசியுங்கள். எழுதியவை அனைத்தையும் சேர்ப்பது தொகுப்பு ஆகாது. கையில் நூறு இருந்தால் ஐம்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே உத்தி இரண்டு கவிதைகளில் இருந்தால் ஒன்றை விடுங்கள். பிறகு தாள்களைத் தரையில் பரப்பி, எதற்குப் பின் எது வரவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். திரையில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை.

பதிப்பகத்தோடு பேசும்போது இளம் கவிஞர்கள் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்விகளே பின்னால் தொல்லை தருகின்றன. அச்சுச் செலவில் உங்கள் பங்கு உண்டா, எத்தனை படிகள் அச்சாகும், உங்களுக்கு எத்தனை கிடைக்கும், விற்பனைக் கணக்கு எப்போது தருவார்கள் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். பணம் கொடுத்துப் பதிப்பிப்பது குற்றமில்லை; ஆனால் பணம் கொடுத்தபின் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

படைப்பு எழுதப்பட்டவுடனேயே அதன் பதிப்புரிமை உங்களுடையது. இந்தியச் சட்டப்படி அதற்குப் பதிவு கட்டாயமில்லை. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில் கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் விதி. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எனினும் சட்டம் நிரப்பட்டும் என்று விடாமல், மூன்றாண்டோ ஐந்தாண்டோ நீங்களே எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்நூல் ஆகியவற்றைத் தனித்தனி உரிமைகளாகக் குறிப்பிடச் செய்யுங்கள். ‘அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்திட்டபின், ஒரு கவிதை பாடநூலில் சேர்க்கப்பட்டாலும் உங்களிடம் கேட்கவேண்டிய தேவை இருக்காது.

நீங்களே பதிப்பிப்பதாக இருந்தால், ஐஎஸ்பிஎன் எண்ணை (நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டுத் தர எண்) ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழியில் கட்டணமின்றிப் பெறலாம். இதற்கென்று யாராவது தனித்தொகை கேட்டால், அது அவருடைய சேவைக்கான கட்டணமா என்று விளக்கம் கேளுங்கள்.

மெய்ப்புப் பார்க்கும்போது எழுத்துப்பிழையோடு நிறுத்திக்கொள்ளாமல் பக்க முடிவுகளையும் பாருங்கள். பன்னிரண்டு வரிக் கவிதையின் கடைசி இரண்டு வரிகள் அதே தாளின் பின்பக்கத்துக்குப் போயிருந்தால், வாசகர் பத்தாவது வரியிலேயே கவிதை முடிந்ததாக எண்ணிவிடுவார். எழுத்தளவைக் குறைப்பதா, தலைப்பை மேலேற்றுவதா, கவிதையை இடப்பக்கத்தில் தொடங்குவதா என்று வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். அச்சுக்கு ஒப்புதல் தரும் கையெழுத்தை அதன் பிறகே போடுங்கள்.